இண்டிகேட்டர் எரியவில்லையா? ஃப்ளாஷர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பைக்கில் இண்டிகேட்டர் வேலை செய்யவில்லை என்று உதிரிபாகக் கடையில் போய்ச் சொன்னால் முதலில் மேசைக்கு வருவது ஃப்ளாஷர், அதாவது விளக்கைச் சிமிட்டவைக்கும் சிறு பெட்டி. அதை மாட்டியும் எரியாவிட்டால் அடுத்தது ஹேண்டில் சுவிட்ச். அதற்கும் மசியாவிட்டால், "வயரிங்கையே முழுதாக மாற்றிவிடலாம்" என்ற யோசனை வரும். இது விலை ஏறும் வரிசை. பழுது இருக்கும் வரிசை அல்ல. நான் பிரித்துப் பார்த்த வண்டிகளில் பெரும்பாலான பழுதுகள் பல்பின் அடியிலோ, எர்த் வயரிலோ (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி), ஹெட்லைட் டூமுக்குள் (ஹெட்லைட் பொருத்திய கூடு) இருக்கும் இணைப்புகளிலோதான் இருந்தன. ஃப்ளாஷர் பெரும்பாலும் நிரபராதி.

கீழே இருப்பது ஸ்பிளெண்டர், பேஷன், ஷைன் போன்ற, சாதாரண 12 வோல்ட் பல்பு பொருத்திய வண்டிகளுக்கானது. உங்கள் வண்டியின் அறிகுறியைத் தேடி அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

வயர் நிறங்கள்

ஹோண்டா வழக்கில் கறுப்பு வயர் சாவி போட்டதும் மின்சாரம் வரும் வயர். அது ஃப்ளாஷருக்குள் நுழைந்து சாம்பல் நிற வயராக வெளியேறி ஹேண்டில் சுவிட்சுக்குப் போகிறது. அங்கிருந்து ஆரஞ்சு இடப் பக்கத்துக்கும், வெளிர்நீலம் வலப் பக்கத்துக்கும் பிரிகின்றன. பச்சை எர்த். ஹீரோ ஹோண்டா கூட்டு பிரிந்த பிறகும் ஸ்பிளெண்டரில் இதே நிறங்கள் தொடர்கின்றன.

யமஹா வைத்திருப்பவர்கள் இதை அப்படியே நம்பிக் கை வைக்கக் கூடாது. அங்கே கறுப்புதான் எர்த். சாவிக்குப் பின் மின்சாரம் வருவது பழுப்பு. வல இண்டிகேட்டர் அடர் பச்சை. ஸ்பிளெண்டர் பழக்கத்தில் யமஹாவின் பச்சையை எர்த் என்று நினைத்து இணைத்தால், வல இண்டிகேட்டரைப் போட்டதும் பியூஸ் போய்விடும். ஏற்கெனவே யாராவது வயரிங் வேலை பார்த்த வண்டி என்றால் எந்த நிறத்தையும் நம்பாமல் சோதித்தே முடிவு செய்யுங்கள். கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப்போடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் சகஜம்.

கையில் வேண்டியவை

ஒரு பழைய 10 வாட் பல்பு, அதற்கொரு ஹோல்டர், இரண்டு வயர், முனையில் முதலைக் கிளிப். இதுதான் சோதனை விளக்கு. ஒரு கிளிப்பை எர்த்தில் மாட்டி, மற்றதைச் சோதிக்கும் இடத்தில் வைக்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்குச் சோதனை விளக்கே மேல். இழைகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அறுந்துபோன வயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும். பல்பை மாட்டினால்தான் அதன் குட்டு வெளிப்படும்.

இவை தவிர விளக்கிலிருந்து பேட்டரிவரை எட்டும் நீள வயர், மெல்லிய உப்புத்தாள், கூர்மூக்குக் குறடு, ஸ்க்ரூடிரைவர். வயர் ஒட்டுவதென்றால் ஈயப்பற்றுக் கோலும், சூடுபட்டால் சுருங்கும் குழாயும் வேண்டும்.

அறிகுறி: இரண்டு பக்கமும் எரியவில்லை

சாவியைப் போட்டு ஹார்னை அழுத்துங்கள். நியூட்ரல் விளக்கையும் பாருங்கள்.

*ஹார்னும் இல்லை, நியூட்ரல் விளக்கும் இல்லை என்றால்*

பழுது இண்டிகேட்டரில் இல்லை. பியூஸைப் பாருங்கள். கண்ணாடிக் குழாய் பியூஸ் என்றால் உள்ளிருக்கும் கம்பி மூடியின் ஓரத்தில் அறுந்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் முழுதாகத் தெரியும். சோதனை விளக்கை பியூஸின் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். அடுத்து பேட்டரி முனைகள். வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்குங்கள்.

பழைய கிக்கர் மாடல்களில் இன்ஜினுக்கும் ஹெட்லைட்டுக்கும் மின்சாரம், இன்ஜின் சுழலும்போது அதை உண்டாக்கும் காயிலிலிருந்தே நேராகப் போகிறது. பேட்டரி செத்துப்போனாலும் வண்டி மாதக்கணக்கில் ஓடும். உரிமையாளருக்கு இண்டிகேட்டர் மட்டும் கெட்டதாகத் தோன்றும். மீட்டர் இருந்தால் பேட்டரியை அளந்து பாருங்கள். ஓய்வில் 12.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் செய்யும்வரை கீழே உள்ள எந்தச் சோதனையும் உண்மை பேசாது.

பியூஸ், பேட்டரி இரண்டும் சரி, கறுப்பு வயரில் மட்டும் மின்சாரம் இல்லை என்றால் சாவி சுவிட்சின் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் சிவப்பில் விளக்கு எரிந்து, சாவி போட்டும் கறுப்பில் எரியாவிட்டால் சுவிட்சை மாற்ற வேண்டியதுதான்.

*ஹார்ன் நன்றாக அடிக்கிறது என்றால்*

இப்போதுதான் ஃப்ளாஷர் பக்கம் திரும்பலாம். பெரும்பாலும் சைடு கவருக்குள் பேட்டரி அருகில் ரப்பர் உறையில் தொங்கும். சில வண்டிகளில் டூமுக்குள் அல்லது டேங்குக்கு அடியில் இருக்கும்.

ஃப்ளாஷரை உருவி, அதன் கப்ளரில் கறுப்பு வயரில் சோதனை விளக்கை வையுங்கள். எரிய வேண்டும். எரிந்தால், கறுப்பையும் சாம்பலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு ஹேண்டிலில் இடப் பக்கம் போடுங்கள். இடப் பக்க விளக்குகள் சிமிட்டாமல் நிலையாக எரிகின்றனவா? சந்தேகம் ஃப்ளாஷர்மேல்தான். அப்போதும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். அதன் ஊசிகளை உப்புத்தாளால் தேய்த்து, கப்ளரின் உள்முனைகளைக் குறடால் லேசாக நெருக்கி, மறுபடி மாட்டிப் பாருங்கள். பாதி ஃப்ளாஷர்கள் இதிலேயே உயிர்த்துவிடும்.

மூன்று ஊசி ஃப்ளாஷர் என்றால் மின்சாரம் வரும் ஊசிக்கும் விளக்குக்குப் போகும் ஊசிக்கும் இடையே மட்டுமே வயரைப் போட வேண்டும். மூன்றாவது எர்த். அதைத் தொட்டால் பியூஸ் போகும்.

இணைத்தும் எரியவில்லை என்றால் சாம்பல் வயரோ, ஹேண்டில் சுவிட்சோதான். சுவிட்ச் பெட்டியின் திருகுகளைக் கழற்றும்போது கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். உள்ளே சின்ன ஸ்பிரிங்கும் எஃகுக் குண்டும் இருக்கும். எகிறி விழுந்தால் தேடி எடுப்பது கடினம். செம்புத் தகடுகள் கறுத்திருந்தால் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, மிக லேசாக வாசலின் தடவுங்கள். சாம்பல் வயரின் ஈயப்பற்று விட்டுப்போயிருப்பதும் அடிக்கடி காணும் பழுது. பிளாஸ்டிக் நழுவுபட்டை தேய்ந்து தகட்டைத் தொடவே இல்லை என்றால் பழுது பார்க்க முயலாமல் சுவிட்சை மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: எரிகிறது, சிமிட்டவில்லை, அல்லது சோம்பலாகச் சிமிட்டுகிறது

இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்குங்கள். சிமிட்டத் தொடங்கினால் பேட்டரி பலவீனம். ஓடும் இன்ஜினில் ஏறத்தாழ 14 வோல்ட் வரவில்லை என்றால் சார்ஜிங் பக்கம் பழுது. அது காயிலையும் ரெக்டிஃபையரையும் சேர்ந்த வேறு வேலை, எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

மாற்றமே இல்லை என்றால் பல்புகளின் வாட்டைப் பாருங்கள். 10 வாட் இருக்க வேண்டிய இடத்தில் 5 வாட் மாட்டியிருந்தால் சில ஃப்ளாஷர்கள் அப்படியே நின்றுவிடும். பல்புகள் சரியாக இருந்தும் நிற்கிறது என்றால் ஃப்ளாஷரை மாற்றுங்கள். இந்த ஓர் அறிகுறியில் மட்டும் கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் சரிதான்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாகச் சிமிட்டுகிறது

விதிப்படி இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும். ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் அவசரமாகவும் இருந்தால் ஃப்ளாஷரைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. இரண்டு பக்கத்துக்கும் ஃப்ளாஷர் ஒன்றுதானே. வேகமாகச் சிமிட்டும் பக்கத்தில் ஒரு விளக்கு எரியாமல் இருக்கும். வண்டியைச் சுற்றிவந்து பாருங்கள்.

முதலில் பல்பு. எதிர்ப் பக்கத்தில் எரியும் பல்பைக் கழற்றி இங்கே மாட்டுவதே நம்பகமான சோதனை. கண்ணால் பார்த்து இழை முழுதாக இருக்கிறது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

நல்ல பல்பும் எரியவில்லையா? ஹோல்டரைப் பாருங்கள். அடியில் இருக்கும் பித்தளை முனை உள்ளே போய் ஸ்பிரிங் திரும்பாமல் சிக்கியிருக்கும், அல்லது பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். சாவியை அணைத்துவிட்டுச் சுரண்டி, முனையை மேலே இழுத்துவிடுங்கள்.

அதுவும் சரி என்றால் எர்த். அந்த நீள வயரின் ஒரு முனையை ஹோல்டரின் உலோக உடம்பிலும், மறுமுனையை பேட்டரியின் எதிர்முனையிலும் (மைனஸ்) வைத்து இண்டிகேட்டரைப் போடுங்கள். எரிந்தால் பழுது எர்த்தில்தான் என்று உறுதி. பச்சை வயரின் புல்லட் பின்னை (வயர் முனையில் செருகும் சிறு உலோக இணைப்பு) கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். இண்டிகேட்டர் தண்டின் நட்டு வழியாகவே எர்த் பெறும் பழைய வண்டிகளில், பெயின்ட் அடித்த பிறகு இந்தப் பழுது கட்டாயம் வரும். நட்டு உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரியவைத்தால் போதும். பளபளப்பு கொஞ்சம் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு விளக்கும் எரிந்தும் வேகம் கூடுகிறது என்றால் வாட் குறைந்த பல்பு ஏதோ ஒன்றில் இருக்கிறது. வெளிச்சம் கூட வேண்டும் என்று 10 வாட் கூட்டில் 21 வாட் பல்பை மாட்டுவது எதிர்த்திசைத் தவறு. மேல்மூடி சூட்டில் உருகிவிடும்.

அறிகுறி: ஒரு பக்கம் முழுவதும் எரியவில்லை

வேகம் காட்டும் மீட்டரில், இண்டிகேட்டர் எரிவதைக் காட்ட இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சை பைலட் விளக்கு இருக்கும் வண்டியா? அப்படியென்றால் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் பழுதின் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாம். அந்த பைலட் பல்பு எர்த்தில் இணைக்கப்படவில்லை. அதன் ஒரு முனை ஆரஞ்சிலும் மறுமுனை வெளிர்நீலத்திலும் இருக்கிறது. இடப் பக்கம் போட்டால் மின்சாரம் பைலட் வழியாகச் சென்று, வலப் பக்க பல்புகளின் இழை வழியாக எர்த்தை அடைகிறது. அந்தச் சொற்ப மின்சாரத்தில் வலப் பக்க பல்பு எரியாது. பைலட் மட்டும் எரியும்.

இதை வைத்துச் சோதியுங்கள். வலப் பக்கம் செத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடப் பக்கம் போடுங்கள்.

பைலட் எரிந்தால், வலப் பக்கத்தில் ஒரு பல்பாவது அதன் எர்த்தோடு நலமாக இருக்கிறது. பழுது சுவிட்சுக்கும் டூமுக்குள் இருக்கும் வெளிர்நீல இணைப்புக்கும் இடையில். டூமைத் திறந்து, சுவிட்சிலிருந்து வரும் வெளிர்நீல வயரின் பின்னை ஆட்டிப் பாருங்கள். அநேகமாகக் கையோடு வந்துவிடும்.

பைலட் எரியாவிட்டால், வலப் பக்கத்தின் இரண்டு பல்புகளும் போயிருக்கின்றன அல்லது இரண்டுக்கும் எர்த் இல்லை. ஒரு பல்பு எப்போதோ போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்; இன்றைக்கு இரண்டாவதும் போயிருக்கும். பல்பிலிருந்து தொடங்குங்கள். பைலட் பல்பே போயிருந்தாலும் எரியாது என்பதை மறக்க வேண்டாம். வலப் பக்கம் கெடுவதற்கு முன் அது எரிந்துகொண்டிருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

இரண்டு பைலட் இருக்கும் வண்டிகளில் இந்த வழி இல்லை. டூமைத் திறந்து, சுவிட்ச் பக்கத்து வயரில் சோதனை விளக்கை வைத்து, மின்சாரம் அதுவரை வருகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

அறிகுறி: ஹேண்டிலைத் திருப்பினால் நிற்கிறது, நேராக்கினால் வருகிறது

ஹேண்டில் கழுத்தில், வயர் கட்டு மடங்கும் இடத்தில், உறைக்குள்ளேயே செம்பு அறுந்திருக்கிறது. வெளியே ஒரு கீறலும் தெரியாது. இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, கட்டை விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் விளக்கு வரும், போகும். அங்கே டேப்பைப் பிரித்து வயர்களைத் தனித்தனியாக மெல்ல இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். அறுந்த வயரின் உறை மட்டும் நீண்டுகொடுக்கும்.

ஒட்டும்போது அறுந்த இடத்தை அப்படியே முறுக்கி டேப் சுற்றுவதில் பயனில்லை. மடங்காத பகுதிவரை இரண்டு பக்கமும் வெட்டி எறிந்துவிட்டு, அதே தடிமன் உள்ள புதிய வயர்த் துண்டை இடையில் சேர்த்து, ஈயப்பற்று வைத்து, சுருங்கும் குழாய் போடுங்கள். பற்று வைத்த இடம் விறைத்துவிடும். அது மடங்கும் இடத்தில் அமைந்தால் பற்றின் ஓரத்திலேயே மறுபடி அறும். முடித்ததும் ஹேண்டிலை இரண்டு எல்லைக்கும் திருப்பி, வயர் எங்கும் இழுபடவில்லை என்று பாருங்கள்.

பல வயர்கள் அறுந்திருந்தால் நிறுத்திவிடுங்கள். அந்தக் கட்டில் இக்னிஷன் வயரும் இருக்கிறது. நடுரோட்டில் இன்ஜின் நின்றுபோகும். எலக்ட்ரீஷியன் வேலை அது.

அறிகுறி: பிரேக் பிடித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக மினுங்குகிறது

பார்க்கப் பெரிய கோளாறு மாதிரி இருக்கும், சரிசெய்வது சுலபம். பின்பக்கத்துப் பொது எர்த் விட்டுப்போயிருக்கிறது. பிரேக் விளக்கின் மின்சாரம் திரும்பிப்போக வழியில்லாமல் பின் இண்டிகேட்டர் பல்பில் ஏறி, ஆரஞ்சு அல்லது வெளிர்நீல வயர் வழியாக முன் பல்புக்குப் போய் அங்கே எர்த் தேடிக்கொள்கிறது. சீட்டைத் தூக்கி, பின் விளக்கிலிருந்து வரும் பச்சை வயரின் இணைப்பைத் தேய்த்து மாட்டினால் தீர்ந்தது. மழையில் நனைந்த பின் மட்டும் கெடும் வண்டிகளிலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த இணைப்பும் விளக்கு மூடிகளின் ரப்பர் வளையமும்தான். வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீர் மழையைவிட மோசம்.

அறிகுறி: ஒரு பக்கம் போட்டதும் பியூஸ் போகிறது

அந்தப் பக்க வயர் எங்கோ உரசி உறை கிழிந்து சட்டத்தைத் தொடுகிறது. பெரிய பியூஸோ, சிகரெட் பெட்டித் தாளோ, கம்பியோ போட வேண்டாம். பியூஸ் போகாமல் இருந்தால் வயர் பற்றிக்கொள்ளும், அது போவது பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

கண்ணால் பார்க்க வேண்டிய இடங்கள்: விளக்குத் தண்டு மட்கார்டுக்குள் நுழையும் துளை, சீட்டின் இரும்புத் தகடு அழுத்தும் இடம், நம்பர் பிளேட்டுக்காக யாராவது துளை போட்ட இடம், ஹேண்டில் கழுத்து. எலி கடித்த தடயமும் இருக்கலாம்.

கார்புரேட்டர் வண்டி என்றால் ஒரு நல்ல தந்திரம் உண்டு. கெட்ட பக்கத்தின் இரண்டு பல்புகளையும் கழற்றிவிட்டு, பியூஸ் இருக்கும் இடத்தில் பியூஸுக்குப் பதில் 21 வாட் பல்பு மாட்டிய சோதனை விளக்கை இணையுங்கள். சாவியைப் போட்டு, அந்தப் பக்கம் சுவிட்சைத் தள்ளுங்கள். விளக்கு பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. இனி அந்தப் பக்கத்து பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்கு மங்குகிறதோ, அந்தக் கிளையில்தான் கிழிசல். பியூஸ் செலவு மிச்சம்.

அறிகுறி: எல்.இ.டி. மாட்டிய பிறகு ஆரம்பித்த தொல்லை

வேகமாகச் சிமிட்டுகிறதா? எல்.இ.டி. மிகக் குறைந்த மின்சாரத்தை எடுப்பதால் பழைய ஃப்ளாஷர் பல்பு போய்விட்டதாக எண்ணிக்கொள்கிறது. எல்.இ.டி.க்கென்று விற்கும் எலக்ட்ரானிக் ஃப்ளாஷரை மாட்டுங்கள். சிலர் ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். அது கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும், மிச்சப்படுத்திய மின்சாரத்தையும் அதுவே தின்றுவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஒரு பக்கம் போட்டால் நான்கும் எரிகின்றனவா? மேலே சொன்ன ஒற்றை பைலட்தான் காரணம். அதன் வழியாகப் போகும் சொற்ப மின்சாரம் பல்பை எரிக்காது, எல்.இ.டி.யை எரித்துவிடும். பைலட்டுக்குப் போகும் ஆரஞ்சிலும் வெளிர்நீலத்திலும் ஆளுக்கொரு டயோடை (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிறு பாகம்), 1என்4007 போதும், கோடு போட்ட முனை பைலட் பக்கம் இருக்கும்படி சேருங்கள். அந்த இரண்டு கோட்டு முனைகளையும் ஒன்றாக்கி பைலட்டின் ஒரு முனையில் கொடுங்கள். மறுமுனையை எர்த் செய்யுங்கள். ஈயப்பற்று பழக்கம் இல்லாதவர்கள் வயரையும் டயோடையும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் சொன்னாலே புரிந்துகொள்வார்.

எரியவே இல்லை என்றால் வயர்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பல்பு எந்தத் திசையிலும் எரியும், எல்.இ.டி. அப்படி அல்ல.

அறிகுறி: தேடியும் ஃப்ளாஷரே தென்படவில்லை

புதிய வண்டிகள் சிலவற்றில் ஃப்ளாஷர் தனியாக இல்லை. மீட்டர் தொகுதிக்குள்ளோ, மின்கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளோ அந்த வேலை நடக்கிறது. அங்கே பல்பு, ஹோல்டர், எர்த், புல்லட் பின் இணைப்பு ஆகியவற்றோடு உங்கள் எல்லை முடிகிறது. வயரை வெட்டி இணைப்பது, கப்ளர்களில் சோதனை விளக்கைச் செருகுவது இரண்டும் வேண்டாம். பல்பு இழுக்கும் மின்சாரம் அந்தப் பெட்டியின் உள் சுற்றைக் கெடுத்துவிடலாம். பெட்டியின் விலை நான்கு இண்டிகேட்டர்களையும் சேர்த்து வாங்குவதைவிடப் பல மடங்கு. வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் போவதானால், எந்த வயரில் எதுவரை மின்சாரம் வருகிறது, எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பழுதைத் தேடும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் அவர் கூலி கேட்கிறார்.